நோட் ஜேஎஸ்ஸில் எடை மேடையோடு சாக்கெட் இணைப்பு விழுகிறது: பிழையை எங்கே பிடிப்பது?

கேள்வி சுருக்கமாக இது. மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டு. லாரி எடை மேடையின் எடை காட்டும் பெட்டியான இண்டிகேட்டரிலிருந்து ஆர்எஸ்-232 என்ற சீரியல் கேபிள், அந்த டேட்டாவை நெட்வொர்க்கில் தரும் ஒரு சீரியல்-ஈதர்நெட் கன்வெர்ட்டருக்குப் போகிறது. கன்வெர்ட்டர் 192.168.1.50 என்ற முகவரியில் 4001 போர்ட்டில் காத்திருக்கிறது. நோட் ஜேஎஸ்ஸில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் தளம்) எழுதிய புரோகிராம் ‘நெட்’ மாட்யூலின் ‘கனெக்ட்’ வழியாக அதில் இணைந்து, எடையை வாங்கி பில்லிங் திரைக்குத் தருகிறது. லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிய புரோகிராம் இது. ஆபீஸில் உள்ள உபுண்டு மினி பிசிக்கு மாற்றி பிஎம்2-வில் (புரோகிராமைப் பின்னணியில் ஓட்டிக் காக்கும் கருவி) ஏற்றியதிலிருந்து மூன்று தொல்லை. சில நேரம் ‘ஈகான்ரெஃப்யூஸ்டு’, அதாவது இணைப்பு மறுப்பு. கரண்ட் போய் வந்த நாட்களில் ‘ஈடைம்டுஅவுட்’, அதாவது பதில் வராமலே நேரம் முடிவது. காலையில் முதல் டிரெய்லர் மேடையில் ஏறும்போது பிழை எதுவும் வராமலே திரையில் நேற்றைய எடை அப்படியே நிற்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. கோடில் எதை மாற்றுவது?

இவை மூன்றும் ஒரே கோளாறு அல்ல. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ‘கனெக்‌ஷன் நிற்கவில்லை’ என்று மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, திரும்பத் திரும்ப முயலும் ரீட்ரை லூப் ஒன்றைப் போட்டு மூடினால், மூன்றாவது கோளாறு தப்பான எடையில் சீட்டு அடிக்கும். அதனால் புரோகிராமைத் தொடுவதற்கு முன் பிழையை முழுசாகப் படியுங்கள்.

நோட் தரும் பிழைப் பொருளில் செய்திவரி மட்டும் இல்லை. இணைப்பு அமையாதபோது ‘கோட்’ (பிழையின் பெயர்), ‘எர்னோ’ (பிழை எண்), ‘சிஸ்கால்’ (எந்தச் செயலில் விழுந்தது), ‘அட்ரஸ்’, ‘போர்ட்’ என்று ஐந்து விவரம் இருக்கும். ஐந்தையும் லாகில் எழுதுங்கள். கூடவே, கனெக்ட் தொடங்கியதிலிருந்து பிழை வரும்வரை எத்தனை மில்லி நொடி ஆனது என்பதையும் எழுதுங்கள். இந்த ஆறு விவரமும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சிஸ்கால் ‘கனெக்ட்’ என்றால் இணைப்பு அமையவே இல்லை. ‘ரீட்’ என்றால் அமைந்து, பிறகு அறுந்தது. அதே ஈடைம்டுஅவுட் இரண்டு இடத்திலும் வரலாம், பொருள் வேறு. லினக்ஸில் எர்னோ -111 என்றால் ரெஃப்யூஸ்டு, -110 டைம்டு அவுட், -104 ரீசெட், -113 ஹோஸ்ட் அன்ரீச்சபிள். விண்டோஸில் இந்த எண்கள் வேறாக இருக்கும், ஆகவே புரோகிராமில் ஒப்பிடும்போது எண்ணை விட்டு, ‘கோட்’ விவரத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

முதலில் ரெஃப்யூஸ்டு. இணைப்புக் கேட்டு இங்கிருந்து ‘சின்’ பாக்கெட் போகிறது. அந்தப் பக்கம் அந்த போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை என்றால் அந்த இயந்திரமே ‘ஆர்எஸ்டி’ பாக்கெட்டைத் திருப்பி அனுப்பும். அதுதான் ரெஃப்யூஸ்டு. லோக்கல் நெட்வொர்க்கில் ஒரு மில்லி நொடி, இரண்டு மில்லி நொடிக்குள் வந்துவிடும். ஒரு வகையில் இது நல்ல செய்தி: கேபிள், சுவிட்ச், ரூட் எல்லாம் சரி, அந்த முகவரியில் ஏதோ ஒன்று உயிரோடு இருந்து பதில் சொல்கிறது. அது உங்கள் கன்வெர்ட்டர்தானா என்பது தனிக் கேள்வி.

ஆகவே பிழையில் உள்ள முகவரியைப் பாருங்கள். அங்கே 127.0.0.1 அல்லது ::1 (இரண்டும் ‘லோக்கல்ஹோஸ்ட்’, அதாவது இதே கம்ப்யூட்டரைக் குறிக்கும் முகவரி) இருந்தால் கன்வெர்ட்டர் பக்கம் போகவே வேண்டாம். ஹோஸ்ட் மதிப்பு காலியாக இருந்தால் நோட் சத்தமில்லாமல் லோக்கல்ஹோஸ்ட்டை எடுத்துக்கொள்ளும். மினி பிசியில் 4001 போர்ட்டில் ஒன்றும் ஓடவில்லை, அதனால் மறுப்பு. சூழல் மாறிகள் (புரோகிராமுக்கு வெளியே வைக்கும் அமைப்பு மதிப்புகள்) ஏறாததுதான் இதற்கு வழக்கமான காரணம். அவற்றை என்வி ஃபைலிலிருந்து ஏற்றும் டாட்என்வி நூலகம், புரோகிராம் எந்த ஃபோல்டரிலிருந்து தொடங்கப்பட்டதோ அங்கேதான் என்வி ஃபைலைத் தேடும். பிஎம்2-வை வேறு ஃபோல்டரில் நின்று தொடங்கியிருந்தால் ஃபைல் கண்ணில் படாது. ஷெல்லில் மாறியை மாற்றிவிட்டு பிஎம்2 ரீஸ்டார்ட் மட்டும் கொடுத்தாலும் பழைய மதிப்புதான் தொடரும். ‘அப்டேட்-என்வி’ என்ற கொடியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். புரோகிராம் தொடங்கியதும் ஹோஸ்ட் காலியா என்று சோதித்து, காலியாக இருந்தால் அங்கேயே பிழை சொல்லி நின்றுவிடும்படி ஒரு வரி எழுதிவிடுங்கள்.

முகவரி 192.168.1.40 என்று, நீங்கள் கொடுக்காத எண்ணாக இருந்தால் என்வி ஃபைலைத் திறந்து பாருங்கள். தொழிற்சாலைக் கருவிகள் பலவற்றின் திரையில் ஐபி 192.168.001.050 என்று மூன்று மூன்று இலக்கமாகக் காட்டும். அதை அப்படியே பார்த்து எழுதிவிடுவார்கள். முன்னால் பூஜ்யம் வைத்த எண்ணை நோட் ஐபியாக ஏற்காது. பெயர் என்று நினைத்து சிஸ்டத்திடம் கேட்கும். லினக்ஸ் அதை எட்டடிமான எண்ணாகப் படிக்கும். எட்டடிமானத்தில் 050 என்பது 40. முன்பூஜ்யம் இல்லாமல் எழுதினால் தீர்ந்தது.

முகவரியும் போர்ட்டும் சரியாக இருந்து ரெஃப்யூஸ்டு வருகிறது, அதுவும் ‘சில நேரம்’ வருகிறது என்றால், உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது கன்வெர்ட்டரின் இணைப்பு எண்ணிக்கையை. சீரியல் கன்வெர்ட்டர்கள் பல, வாங்கி வந்த நிலையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டிசிபி (நெட்வொர்க்கில் இணைப்பு ஏற்படுத்திப் பேசும் முறை) இணைப்பைத்தான் ஏற்கும். எடை மேடையில் ஒரு லாரி நிற்கும்போது அடுத்த லாரி ஏற முடியாதே, அதே கதைதான். மோக்ஸா என்போர்ட் வகைக் கருவிகளில் டிசிபி சர்வர் மோடில் முதல் சீரியல் போர்ட்டுக்கு 4001 என்பதும், அதிகபட்ச இணைப்பு 1 என்பதும் தொடக்க அமைப்பு. இரண்டாவதாக வருபவரைச் சில கருவிகள் உடனே மறுக்கும், சில கருவிகள் பதிலே சொல்லாமல் விட்டுவிடும். முதல் வகையில் ரெஃப்யூஸ்டு கிடைக்கும், இரண்டாம் வகையில் டைம்டு அவுட்.

அந்த ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது யார்? முதல் ஆள், பிஎம்2 கிளஸ்டர் மோட். தொடங்கும்போது ‘-ஐ மேக்ஸ்’ கொடுத்திருந்தால் பிராசஸருக்கு எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை பிரதி ஓடும். நான்கு கோர் மினி பிசியில் நான்கு பிரதியும் ஒரே கன்வெர்ட்டரை நோக்கி ஓடும். ஒன்றுக்கு இடம் கிடைக்கும், மூன்றுக்கு ரெஃப்யூஸ்டு. லாகில் நான்கும் கலந்து விழுவதால் ‘சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை’ என்று தோன்றும். ‘பிஎம்2 லிஸ்ட்’ கொடுத்து உங்கள் புரோகிராம் எத்தனை வரியில் தெரிகிறது, மோட் ‘ஃபோர்க்’கா ‘கிளஸ்டர்’ஆ என்று பாருங்கள். இரண்டாவது ஆள், சோதனை செய்த அதே லேப்டாப். அதில் நோட்மான் (ஃபைல் மாறினால் புரோகிராமைத் தானே மறுபடி தொடங்கும் கருவி) பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். லேப்டாப் யார்டு வைஃபையில் சேர்ந்த நேரமெல்லாம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு இயந்திரத்திலும் ‘எஸ்எஸ் -டிஎன்பி’ கொடுத்து 4001 உள்ள வரியைத் தேடுங்கள். ‘எஸ்டாப்’ என்று இருக்கும் வரியில் எந்த பிராசஸ் என்பதும் தெரியும்; வேறு யூசர் ஓட்டும் பிராசஸ் என்றால் சூடோ சேர்க்க வேண்டும். கன்வெர்ட்டரின் வெப் பக்கத்தில் நிலை காட்டும் பகுதி இருந்தால் இப்போது இணைந்திருப்பவரின் ஐபியை அங்கேயும் பார்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. போர்ட் திறந்திருக்கிறதா என்று ‘என்சி -விஇசட்’ கட்டளையில் சோதிப்பது வழக்கம். ஒரே இடம் உள்ள கருவியில் அந்தச் சோதனையும் ஒரு இணைப்புதான். புரோகிராம் ஓடும்போது சோதித்தால் நல்ல கருவியும் மறுப்பு சொல்லும். சோதனை இடத்தைப் பிடித்த அந்தக் கணத்தில் புரோகிராம் போனால் அதற்கு மறுப்பு கிடைக்கும். புரோகிராமை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

அதிகபட்ச இணைப்பை 4 என்று கூட்டிவிட்டால் போதாதா என்றால், எடையைத் தானாகத் தொடர்ந்து அனுப்பும் இண்டிகேட்டருக்கு அது ஒருவேளை ஓடும். கேட்டால் மட்டும் எடை சொல்லும் இண்டிகேட்டரில் இரண்டு பேர் கேட்கும் கட்டளைகள் ஒரே சீரியல் கம்பியில் பின்னிக்கொண்டு, ஒருவர் கேட்டதற்கு மற்றவருக்குப் பதில் போகும். எண்ணிக்கையை 1-லேயே வைத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. ஒரே ஒரு நோட் பிராசஸ், ஃபோர்க் மோடில், கன்வெர்ட்டரோடு பேசட்டும். பில்லிங் திரை, கேட் திரை, ரிப்போர்ட் எல்லாம் அந்தப் பிராசஸிடமிருந்து வெப்சாக்கெட்டில் (பிரவுசரோடு திறந்தே இருக்கும் இணைப்பு) வாங்கிக்கொள்ளட்டும்.

அப்படி வாங்கும்போது இன்னொரு சின்ன விஷயம். மினி பிசியின் சர்வர் 127.0.0.1-ல் மட்டும் காத்திருந்தால் பில்லிங் கம்ப்யூட்டருக்கு ரெஃப்யூஸ்டு கிடைக்கும், 0.0.0.0-ல் (அதாவது எல்லா முகவரியிலும்) காத்திருக்க வைத்து, உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அந்த போர்ட்டைத் திறந்துவிடுங்கள். அதே மினி பிசிக்குள் இரண்டு சேவை ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற பெயரால் பேசினால், 2021-ல் வந்த நோட் 17 முதல் அந்தப் பெயருக்கு ::1 முதலில் கிடைக்கலாம். எதிர்ப்பக்கம் ஐபிவி4 முகவரியான 127.0.0.1-ல் மட்டும் காத்திருந்தால் மறுப்பு. நோட் 20-லிருந்து இரண்டு முகவரியையும் தானே மாற்றி மாற்றி முயன்று பார்க்கும். ஆனால் இரண்டும் தோற்றால் ‘அக்ரிகேட் எர்ரர்’ வரும், அதன் செய்திவரி காலியாகக்கூட இருக்கும். உள்ளே உள்ள ‘எர்ரர்ஸ்’ பட்டியலைத்தான் லாகில் எழுத வேண்டும். நேராக 127.0.0.1 என்று எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை.

இப்போது கரண்ட் போய் வந்தபின் வரும் டைம்டு அவுட். ‘கன்வெர்ட்டர் இன்னும் எழவில்லை’ என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் மினி பிசியும் கன்வெர்ட்டரும் ஒரே 192.168.1 நெட்வொர்க்கில் இருந்தால், எழாத கருவிக்கு லினக்ஸ் டைம்டு அவுட் சொல்லாது. முதலில் அது ‘192.168.1.50 யாருடையது?’ என்று ஏஆர்பி கேள்வி கேட்கும். பதில் சொல்ல ஆளில்லை என்றால் சுமார் 3 நொடியில் ‘ஈஹோஸ்ட்அன்ரீச்’, அதாவது கருவியை எட்ட முடியவில்லை என்ற பிழை, வந்துவிடும். டைம்டு அவுட் வருகிறது என்றால் ஏஆர்பி கேள்விக்கு யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் சின் பாக்கெட்டை விழுங்கிவிட்டார்கள். அந்த யாரோ யார் என்பதுதான் கேள்வி.

கரண்ட் வந்ததும் ரவுட்டர், கம்ப்யூட்டர், கேமரா, கன்வெர்ட்டர் எல்லாம் ஒன்றாக எழுகின்றன. கன்வெர்ட்டரில் 192.168.1.50 என்று கையால் அமைத்திருக்கிறீர்கள்; ஆனால் அந்த எண் ரவுட்டர் டிஹெச்சிபியில் தானாகப் பங்கு போடும் வரம்புக்குள் இருக்கலாம். ரவுட்டர் அதை ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டால் ஒரே முகவரிக்கு இரண்டு உரிமையாளர். விண்டோஸ் ஃபயர்வால் மூடிய போர்ட்டுக்கு மறுப்பு சொல்வதில்லை, பாக்கெட்டைச் சும்மா கீழே போட்டுவிடும். விளைவு டைம்டு அவுட். அந்த முகவரியைப் பிடித்தது கேமராவாக இருந்தால் பெரும்பாலும் ரெஃப்யூஸ்டு. ஏஆர்பி அட்டவணை மாற மாற, சில நிமிடம் கன்வெர்ட்டரிடம், சில நிமிடம் மற்றதிடம் போய் நிற்பீர்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். பிழை வரும் அதே நேரத்தில் மினி பிசியில் ‘ஐபி நெய்பர்’ கட்டளையைக் கொடுத்து 192.168.1.50-க்கு நேரே உள்ள மேக் முகவரியை (கருவிக்குத் தொழிற்சாலையிலேயே தரும் அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டரின் ஸ்டிக்கரில் அச்சடித்த மேக் முகவரியோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் திருடன் அகப்பட்டான். ரவுட்டரில் டிஹெச்சிபி வரம்பை 100 முதல் 200 வரை என்று சுருக்கி, கன்வெர்ட்டரை அந்த வரம்புக்கு வெளியே நிறுத்துங்கள். இல்லையென்றால் கன்வெர்ட்டரை டிஹெச்சிபியில் விட்டு, அதன் மேக் முகவரிக்கு இந்த எண்ணை ரவுட்டரில் ரிசர்வ் செய்யுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

மேக் முகவரி ஒத்துப்போயும் டைம்டு அவுட் தொடர்ந்தால், மேலே சொன்ன ‘பதிலே சொல்லாத’ கன்வெர்ட்டர் வகையாக இருக்கலாம். மினி பிசி கரண்ட் போய் அணைந்தது, கன்வெர்ட்டர் கேபினில் யூபிஎஸ்ஸில் இருக்கிறது என்று வையுங்கள். புரோகிராம் தானாகச் செத்தாலோ ‘கில்’ செய்தாலோ லினக்ஸ் கர்னல் சாக்கெட்டை மூடி, இணைப்பு முடிந்தது என்று சொல்லும் ‘ஃபின்’ பாக்கெட்டை அனுப்பிவிடும், இடம் காலியாகும். கரண்ட் போனால் ஃபின் அனுப்பக்கூட ஆளில்லை. பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாகவே கன்வெர்ட்டர் நினைத்துக்கொண்டிருக்கும். இண்டிகேட்டர் தொடர்ந்து எடை அனுப்பும் வகை என்றால் சிக்கல் தானே தீரும்: மீண்டும் எழுந்த மினி பிசி, தெரியாத இணைப்பிலிருந்து டேட்டா வருவதைப் பார்த்து ஆர்எஸ்டி அனுப்பும், இடம் விடுபடும். பேசாமல் இருக்கும் இண்டிகேட்டர் என்றால் எதிராளி உயிரோடு இருக்கிறாரா என்று சோதிக்கும் கன்வெர்ட்டரின் ‘டிசிபி அலைவ் செக்’ நேரம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். என்போர்ட் கருவிகளில் தொடக்க அமைப்பில் அது 7 நிமிடம். அதை 1 நிமிடமாகக் குறையுங்கள். 0 வைத்துவிடாதீர்கள், 0 என்றால் சோதிப்பதே இல்லை என்று பொருள்.

இவ்வளவும் பார்த்தபின் சந்தேகம் மிச்சமிருந்தால் ஊகிப்பதை நிறுத்திவிட்டு பாக்கெட்டையே பாருங்கள். மினி பிசியில் ‘டிசிபிடம்ப்’ ஓடவிட்டு, ஹோஸ்ட் 192.168.1.50, போர்ட் 4001 என்று வடிகட்டுங்கள். பெயர் தேடாமல் இருக்க ‘-என்என்’ சேருங்கள். இன்னொரு டெர்மினலில் புரோகிராமைத் தொடங்குங்கள். ஒவ்வொரு வரியிலும் ‘ஃப்ளாக்ஸ்’ என்பதற்குப் பின்னால் சதுர அடைப்புக்குள் ஒரு எழுத்து இருக்கும். ‘எஸ்’ வெளியே போய், ‘ஆர்’ எழுத்தும் புள்ளியும் திரும்பி வந்தால் மறுப்பு. ‘எஸ்’ மட்டும் திரும்பத் திரும்ப, ஒரு நொடியில் தொடங்கிப் போகப்போக இடைவெளி கூடிக்கொண்டே வெளியே போய், உள்ளே ஒன்றும் வரவில்லை என்றால் வழியில் விழுங்கப்படுகிறது. ‘எஸ்’ எழுத்தும் புள்ளியும் திரும்பி வந்து, கைகுலுக்கல் முடிந்து, உடனே ‘ஆர்’ வந்தால் கன்வெர்ட்டர் ஏற்றுக்கொண்டபின் துரத்துகிறது. இணைப்பு வரம்போ ஐபி அனுமதிப் பட்டியலோ காரணம். ‘எஸ்’ கூட வெளியே போகவில்லை, ஏஆர்பி கேள்வி மட்டும் ஓடுகிறது என்றால் கேபிள் பக்கம் போங்கள். ஏஆர்பியைப் பார்க்க வடிகட்டியில் ‘ஆர் ஏஆர்பி’ என்று சேர்க்க வேண்டியிருக்கும்.

கேபிள் பக்கம் என்றால் யார்டில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஈதர்நெட் செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் வரம்பு. எடை மேடை கேபினிலிருந்து ஆபீஸ் அதைத் தாண்டினால் ஃபைபர் போட்டு இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். இடி மின்னலில் இரு கட்டடத்துக்கு நடுவே செம்பு வழியாகப் பாயும் அதிர்ச்சியையும் ஃபைபர் தடுக்கும். வைஃபையை நம்ப வேண்டாம்: கன்டெய்னர் இரும்புச் சுவர், அடுக்கு தினமும் மாறும், நேற்று கிடைத்த சிக்னல் இன்று கிடைக்காது. திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் உப்புக்காற்றில் ஆர்ஜே-45 முனையின் பின்கள் பச்சை பிடித்துவிடும். ‘ஈத்டூல்’ கட்டளையில் வேகம் 100-லிருந்து 10-க்கு இறங்கியிருந்தாலோ, பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனாலோ முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள்.

கடைசியாக, மூன்றில் மிக ஆபத்தானது: பிழையே வராமல் நேற்றைய எடை நிற்பது. இரவில் கேபின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறார்கள் என்று வையுங்கள். கன்வெர்ட்டரும் அணைகிறது. மினி பிசி இரவு முழுக்க ஓடுகிறது. கன்வெர்ட்டர் ஃபின் அனுப்பாமல் செத்ததால் மினி பிசியைப் பொறுத்தவரை இணைப்பு இன்னும் ‘எஸ்டாப்’. புரோகிராம் வாங்க மட்டும் செய்கிறது, எதையும் அனுப்புவதில்லை. டிசிபியில், அனுப்பிப் பார்த்தால்தான் எதிராளி இல்லை என்பது தெரியும். கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவன் ஒரு வாரம் ஆனாலும் கேட்டுக்கொண்டே இருப்பான். காலையில் கன்வெர்ட்டர் எழும். அதற்குப் பழைய இணைப்பு நினைவில் இருக்காது. உங்கள் பக்கமோ பழைய இணைப்பிலேயே காத்திருப்பீர்கள். ரீஸ்டார்ட் செய்ததும் சரியாவது இதனால்தான்.

இதற்கு இரண்டு காவல் வேண்டும். ஒன்று, ‘செட்கீப்அலைவ்’ முறையை ‘ட்ரூ’, 30000 என்று அழையுங்கள். 30 நொடி அமைதியாக இருந்தால் கர்னல் ஒரு சோதனைப் பாக்கெட் அனுப்பும். அடுத்தடுத்து 1 நொடி இடைவெளியில் 10 முறை அனுப்பியும் பதில் இல்லை என்றால் இணைப்பை அறுக்கும்; இந்த 1, 10 இரண்டும் இப்போதைய நோட் தானே வைப்பவை. ஆக, 40 நொடியில் தெரிந்துவிடும். அப்போது ‘ரீட் ஈடைம்டுஅவுட்’ அல்லது ‘ரீட் ஈஹோஸ்ட்அன்ரீச்’ வரும். கன்வெர்ட்டர் அதற்குள் மீண்டும் எழுந்திருந்தால் ‘ரீட் ஈகான்ரீசெட்’ வரும். இரண்டாவது ஆர்க்யூமெண்டை விட்டுவிட்டு ட்ரூ மட்டும் கொடுத்தால் லினக்ஸின் சொந்த அளவான 7200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம், பேசாமல் இருக்கும். யார்டுக்கு அது பயன்படாது.

இரண்டு, ‘செட்டைம்அவுட்’. தொடர்ந்து எடை அனுப்பும் இண்டிகேட்டர் நொடிக்குப் பல முறை அனுப்பும். 5 நொடி ஒன்றும் வரவில்லை என்றாலே கோளாறு. 5000 வையுங்கள். பலர் தவறவிடுவது இங்கேதான்: இந்த நேரம் முடிந்தால் நோட் ‘டைம்அவுட்’ நிகழ்வை எழுப்பும், அவ்வளவுதான். சாக்கெட்டை அது மூடாது. அந்த நிகழ்வுக்குள் நீங்களே ‘டிஸ்ட்ராய்’ அழைக்க வேண்டும். இதை கனெக்ட் தொடங்கும்போதே வைத்துவிட்டால் இணைப்புக்கான காத்திருப்புக்கும் இதுவே காவல். இல்லையென்றால் லினக்ஸ் சின் பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பி இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுக்கும். கேட்டால் மட்டும் பேசும் இண்டிகேட்டர் என்றால் 5 நொடி பொருந்தாது; நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் தனியாகப் பதில் நேரம் வையுங்கள்.

திரையிலும் ஒரு மாற்றம் கட்டாயம். ஒவ்வொரு எடையோடும் அது வந்த நேரத்தை வையுங்கள். 2 நொடிக்கு மேல் பழசானால் எண்ணை அழித்து அதன் இடத்தில் வெறும் கோடு (---) காட்டுங்கள், சீட்டு அடிக்கும் பட்டனைப் பூட்டுங்கள். சாக்கெட் எப்படி விழுந்தாலும் பழைய எடையில் பில் போகாது. இதைத் தள்ளிப்போடாதீர்கள், சாக்கெட் வேலை எல்லாவற்றுக்கும் முன்னால் இதை இன்றே செய்துவிடலாம்.

மறு இணைப்பு எழுதும்போது: ‘எர்ரர்’ நிகழ்வுக்குக் கேட்பவர் இல்லை என்றால் புரோகிராமே செத்துவிழும், ஆகவே அதைக் கட்டாயம் வையுங்கள், ஆனால் அதில் லாக் மட்டும் எழுதுங்கள். மறு இணைப்பை ‘க்ளோஸ்’ நிகழ்வில் மட்டும் தொடங்குங்கள். பிழைக்குப் பின் க்ளோஸும் வரும். இரண்டிலும் தொடங்கினால் ஒவ்வொரு விழுதலுக்கும் இரண்டு சாக்கெட், பிறகு நான்கு, எட்டு என்று பெருகி, ஒரே இடமுள்ள கன்வெர்ட்டரில் உங்கள் புரோகிராமே தனக்கு எதிரியாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிய சாக்கெட் எடுங்கள். காத்திருப்பு 1 நொடி, 2, 4, 8 என்று கூடி 30-ல் நிற்கட்டும். அதை மீண்டும் 1-க்குக் கொண்டுவருவது ‘கனெக்ட்’ நிகழ்வில் கூடாது. முதல் முழு எடை வந்தபின் செய்யுங்கள். ஏற்றுக்கொண்டு உடனே துரத்தும் கன்வெர்ட்டரிடம் நொடிக்கு நொடி மோதாமல் இருக்க இதுவே வழி.

இணைப்பு நின்று, எடை மட்டும் குழம்பினால் அது சாக்கெட் கோளாறு இல்லை. கிறுக்கல் எழுத்து வந்தால் பாட் ரேட் (சீரியல் வேகம்), பாரிட்டி (பிழை காணச் சேர்க்கும் பிட்) பொருந்தவில்லை. இண்டிகேட்டரில் 2400 இருந்து கன்வெர்ட்டரில் 9600 இருக்கும், அல்லது 7 பிட் ஈவன் பாரிட்டிக்கு எதிராக 8 பிட் நோ பாரிட்டி இருக்கும். ஒன்றுமே வரவில்லை என்றால் ஆர்எஸ்-232 கேபிளில் 2, 3 பின்களை மாற்றிப் பாருங்கள். 24560 கிலோ சில நேரம் 245 என்று வந்தால், ஒரு ‘டேட்டா’ நிகழ்வு ஒரு முழு வாசிப்பு என்று நினைத்திருக்கிறீர்கள். டிசிபிக்கு அப்படி எல்லை கிடையாது. வந்ததை பஃபரில் சேர்த்து, இண்டிகேட்டர் வைக்கும் முடிவுக்குறி, பெரும்பாலும் கேரேஜ் ரிட்டர்ன் என்ற 13-ஆம் பைட், வந்தபின்தான் வெட்டுங்கள்.

பிறகு டாக்கருக்கு (புரோகிராமைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி) மாற்றும் எண்ணம் இருந்தால் யார்டு நெட்வொர்க் 172.17 அல்லது 172.18-ல் தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். டாக்கர் தன் பிரிட்ஜுகளுக்கு, அதாவது உள் நெட்வொர்க்குகளுக்கு, முதலில் அந்த வரம்பைத்தான் எடுக்கும். மோதினால் கன்வெர்ட்டருக்குப் போக வேண்டிய பாக்கெட் டாக்கர் பிரிட்ஜுக்குள்ளேயே சுற்றி ஈஹோஸ்ட்அன்ரீச் வரும். உங்கள் 192.168.1 இருக்கும்வரை பெரும்பாலும் அந்தக் கவலை இல்லை.

எல்லாம் மாற்றியபின் லாரி வராத நேரத்தில் மூன்று சோதனை செய்யுங்கள். கன்வெர்ட்டர் ஈதர்நெட் கேபிளை ஒரு நிமிடம் உருவுங்கள்: 2 நொடியில் திரையில் கோடு, 5 நொடியில் டிஸ்ட்ராய், பிறகு டைம்அவுட்டோ ஈஹோஸ்ட்அன்ரீச்சோ வர வேண்டும். திரும்பச் சொருகியதும் ஒன்றிரண்டு ரெஃப்யூஸ்டு வந்தால் பயம் வேண்டாம். பழைய இடம் விடுபடும்வரை அப்படித்தான் வரும், அடுத்த முயற்சிகளில் எடை வந்துவிட வேண்டும். இரண்டாவது, கன்வெர்ட்டரின் பவரை அணைத்துப் போடுங்கள். மூன்றாவது, மினி பிசியின் பவரை நேராக உருவிப் போட்டு, எழுந்தபின் எடை வர எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். அலைவ் செக்கை 1 நிமிடமாகக் குறைத்தபின்னும் அது இரண்டு நிமிடத்தைத் தாண்டினால், அந்த நேரத்து டிசிபிடம்ப் வரிகளையும் ஐபி நெய்பர் காட்டிய மேக் முகவரியையும் எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.